துள்ளி நிற்கும் முள்

பழைய வண்டியின் ஸ்பீடோமீட்டரைக் கொண்டுவந்து மேஜைமேல் வைப்பவர்களில் பெரும்பாலோர் கேட்பது, "புதுசு மாதிரி பண்ணிக் கொடுங்க" என்பதுதான். கண்ணாடி பளபளக்க வேண்டும், டயல் வெள்ளையாகத் தெரிய வேண்டும், சுற்றியுள்ள ரிங் மின்ன வேண்டும். முள் சரியான வேகத்தைக் காட்டுகிறதா என்பதைக் கடைசியில்தான் கேட்பார்கள், சிலர் கேட்பதே இல்லை. எனக்கு அந்த வரிசை தலைகீழ். மீட்டர் என்பது ஒரு அளவுக் கருவி. அது உண்மையைச் சொன்னால் போதும், முகத்தில் வயது தெரிந்தால் தெரியட்டும்.

கோயம்புத்தூரில் மீட்டர் வேலை தெரிந்த கைகளுக்குப் பஞ்சமில்லை. 1975-ல் தொடங்கிய பிரிக்கால் நிறுவனம் வண்டிகளுக்கு மீட்டர் செய்வது இந்த ஊரில்தான். மீட்டர் வேலையிலேயே காலம் தள்ளிய பெரியவர்கள் சிலரிடம்தான் நான் கற்றுக்கொண்டேன். அவர்கள் சொல்லிக்கொடுத்த முதல் பாடம், மீட்டரைத் திறக்காமலே நோயைக் கண்டுபிடிப்பது.

அம்பாசடர், ஃபியட், ஸ்கூட்டர் என்று நாம் பார்க்கும் பழைய மீட்டர்களில் பெரும்பாலானவை காந்த மீட்டர்கள். ஜெர்மனியில் ஓட்டோ ஷூல்ஸ 1902-ல் காப்புரிமை வாங்கிய அமைப்பு அது. சக்கரத்திலிருந்தோ கியர்பாக்ஸிலிருந்தோ வரும் கேபிள் ஒரு காந்தத்தைச் சுழற்றும். அந்தக் காந்தத்தைத் தொடாமல், மெல்லிய இடைவெளி விட்டு ஒரு அலுமினியக் கிண்ணம் நிற்கும். காந்தம் சுற்றச் சுற்றக் கிண்ணத்தில் சுழல் மின்னோட்டம் பிறந்து அதையும் கூடவே இழுக்கும். கிண்ணத்தோடு சேர்ந்த மயிரிழை ஸ்பிரிங் அதைப் பின்னால் இழுக்கும். இரண்டு இழுப்பும் சமமாகும் இடத்தில் முள் நிற்கும். கேபிளுக்கும் முள்ளுக்கும் நடுவே பல்சக்கரம், கம்பி என்று எந்தத் தொடுப்பும் கிடையாது. எத்தனை முறை பிரித்திருந்தாலும் எனக்கு இன்னும் பிடித்த விஷயம் இதுதான்.

ஓடிய தூரத்தைக் காட்டும் எண் சக்கரங்களுக்கு இந்தக் காந்தத்தோடு சம்பந்தமில்லை. அவை பல்சக்கரத்தில் நேரடியாக ஓடும். அதனால் முள் படுத்துவிட்டு எண் மட்டும் ஓடினால் கேபிளைக் குறை சொல்ல முடியாது, கோளாறு கிண்ணத்திலோ ஸ்பிரிங்கிலோ இருக்கிறது. முள் ஆடி எண் ஓடாவிட்டால் பல்சக்கரம் உடைந்திருக்கும். இரண்டுமே செத்துக்கிடந்தால் மீட்டரைத் தொடுவதற்கு முன் கேபிளை உருவிப் பார்க்க வேண்டும். முள் இடமும் வலமுமாகப் படபடத்தால் கேபிள் எங்கேயோ காய்ந்திருக்கிறது, அல்லது இறுக்கமாக வளைந்திருக்கிறது. எல்லா வேகத்திலும் குறைத்தே காட்டினால் காந்தம் வலுவிழந்திருக்கலாம், அதற்கு மறுபடி காந்தமேற்ற வேண்டும். வண்டி நகர்ந்ததுமே முள் கடைசி எண்ணுக்குத் தாவினால் நான் முதலில் தேடுவது கிரீஸை. கேபிளில் அள்ளிப் பூசிய கிரீஸ் சுற்றில் மேலேறி மீட்டருக்குள் போய், காந்தத்தையும் கிண்ணத்தையும் ஒட்டவைத்துவிடும்.

இவ்வளவும் காந்த மீட்டரின் கதை. ஒரு பெண்மணி தன் அப்பாவின் 1950-களின் புல்லட்டிலிருந்து கழற்றிக் கொண்டுவந்த மீட்டர் வேறு சாதி. 1955-ல் திருவொற்றியூரில் என்ஃபீல்டு இந்தியா தொடங்கியபோது, இங்கிலாந்திலிருந்து வந்த பாகங்களைப் பூட்டித்தான் வண்டிகள் வெளியே வந்தன. அந்தக் காலத்து வண்டி என்பதால் ஹெட்லைட் கூட்டுக்குள் ஸ்மித்ஸ் கம்பெனியின் குரோனோமெட்ரிக் மீட்டர். டயலில் மைல் கணக்கு.

"ஏங்ண்ணா, அப்பா ஓட்டும்போதே இந்த முள் துள்ளித் துள்ளித்தான் போகும். அதையும் சேர்த்துச் சரிபண்ணிருங்க" என்றார்.

அதைச் சரிபண்ணக் கூடாது என்று சொன்னபோது அவருக்கு ஆச்சரியம். குரோனோமெட்ரிக் மீட்டரின் முள் அப்படித்தான் போக வேண்டும். அதற்குள் காந்தமே இல்லை, ஒரு கடிகாரம் இருக்கிறது. கைக்கடிகாரத்தில் உள்ளதுபோலவே முன்னும் பின்னும் ஆடும் பேலன்ஸ் வீல், மயிரிழை ஸ்பிரிங், டிக் டிக் என்று பல்லை விடுவிக்கும் எஸ்கேப்மென்ட். இந்தக் கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பதும் வண்டியின் கேபிள்தான். ஆனால் நடுவில் ஒரு வழுக்கும் கிளட்ச் இருப்பதால், வண்டி வேகமாகப் போனாலும் மெதுவாகப் போனாலும் கடிகாரம் தன் சீரில் ஆடும். அது ஒரு நொடிக்கும் குறைவான நேரத்தை அளந்து கொடுக்கும். அந்த நேரத்துக்குள் கேபிள் எத்தனை சுற்று வந்தது என்பதை ஒரு சக்கரம் எண்ணும். எண்ணி முடித்ததும் முள்ளை அந்த இடத்துக்குத் தள்ளிவிட்டுத் தான் மட்டும் பூஜ்யத்துக்குத் திரும்பும். அது திரும்பும் நேரத்தில் முள் விழுந்துவிடாமல் இன்னொரு சக்கரம் பிடித்துக்கொள்ளும். அடுத்த எண்ணிக்கை முடிந்ததும் முள் புதிய இடத்துக்குத் துள்ளும். வேகம் மாறாமல் இருந்தால் காற்றில்கூட அசையாமல் நிற்கும். காந்தம் வயதாகித் தளர்வது, வெயிலில் அளவு மாறுவது போன்ற தொல்லை இதில் இல்லை. செய்வதற்குச் செலவும் உழைப்பும் அதிகம் என்பதால் 1960-களின் நடுவில் பிரிட்டிஷ் மோட்டார் சைக்கிள்கள் காந்த மீட்டருக்கு மாறிவிட்டன. என்னைக் கேட்டால் மோட்டார் சைக்கிளுக்குச் செய்த மீட்டர்களில் இதுதான் உசத்தி.

வந்த மீட்டரில் முள் 30-க்கு அருகே சிக்கி நின்றிருந்தது. ரிங்கைக் கழற்றுவதே பாதி நாள் வேலை. பின்விளிம்பில் உள்ளே மடித்திருப்பார்கள், அதைக் கொஞ்சம் கொஞ்சமாக, சுற்றிச் சுற்றி நிமிர்த்த வேண்டும். ஒரே இடத்தில் அழுத்தினால் கிழிந்துவிடும். திறந்து லூப் என்கிற உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பார்த்தால், யாரோ எப்போதோ கேபிள் வழியாக ஊற்றிய எண்ணெய் உள்ளே ஏறி, வருஷக்கணக்கில் காய்ந்து, பழுப்பு வார்னிஷ் மாதிரி எல்லாப் பல்லிலும் படிந்திருந்தது. மயிரிழை ஸ்பிரிங்கின் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. தேய்மானம் என்று பார்த்தால் அதிகமில்லை. இதைப் பார்த்ததும் எனக்கு நிம்மதி, ஏனென்றால் அழுக்கைக் கழுவலாம், தேய்ந்த பல்லை வளர்க்க முடியாது.

ஒயிட் பெட்ரோலில் ஒவ்வொரு பாகமாக ஊறவைத்து, மெல்லிய பிரஷ்ஷால் பல்லுக்குப் பல் தேய்த்து, ஊதிக் காயவைத்தேன். முள்ளைப் பிடித்து நிறுத்தும் சக்கரத்தின்மேல் அழுந்தும் தகட்டு ஸ்பிரிங் தளர்ந்திருந்தது. அது தளர்ந்தால் முள் ஒவ்வொரு துள்ளலுக்கும் நடுவே நழுவும். புது உதிரிபாகம் கடையில் கிடைக்காது. சென்னை புதுப்பேட்டையில் பழைய சாமான் கடையில் எடைக்கு வாங்கிய ஒரு உடைந்த மீட்டரிலிருந்து அதை எடுத்துப் போட்டேன். இதற்காகவே நான் செத்த மீட்டரை வீசுவதில்லை. அப்புறம் எண்ணெய். கடிகாரத்துக்குப் போடும் எண்ணெயை ஊசிமுனையில் தொட்டு, அச்சு முனைகளுக்கு மட்டும். எண்ணும் சக்கரத்தின் நுண்ணிய பற்களுக்கு ஒரு சொட்டுக்கூடக் கூடாது, அங்கே தூசி ஒட்டினால் கணக்கு போய்விடும்.

டயலைப் பற்றித்தான் எங்களுக்குள் பேச்சு நீண்டது. எண்களின்மேல் இருந்த பூச்சு பழுப்பேறி, ஓரிரு இடத்தில் விரிசல் விட்டிருந்தது. சுரண்டிவிட்டுப் புதிதாக எழுதித் தரச் சொன்னார். நான் மறுத்ததற்கு அழகு மட்டும் காரணமில்லை. இருட்டில் ஒளிர்வதற்காக அந்தக் காலத்து டயல்களிலும் முட்களிலும் ரேடியம் கலந்த பூச்சு பூசுவதுண்டு. ரேடியத்தின் கதிர் பட்டு துத்தநாக சல்பைடு ஒளிரும். துத்தநாக சல்பைடு சில வருஷங்களில் களைத்துவிடும், அதனால் இப்போது இருட்டில் ஒன்றும் தெரியாது. ஆனால் ரேடியம்-226 பாதியாகக் குறைவதற்கே சுமார் 1600 ஆண்டுகள் ஆகும். ஒளி போனதால் ஆபத்து போய்விட்டது என்று நினைப்பது தவறு. கண்ணாடிக்குள் மூடிக்கிடக்கும்வரை கவலை குறைவு. சுரண்டிப் பொடியாக்கி மூச்சில் இழுப்பதுதான் பயங்கரம். 1920-களில் அமெரிக்காவில் கடிகார டயலுக்கு ரேடியம் பூசிய இளம்பெண்கள், பிரஷ் முனையை உதட்டில் வைத்துக் கூராக்கச் சொல்லப்பட்டார்கள். தாடை எலும்பு அரித்துப் பலர் செத்தார்கள். அந்தக் கதையைத் தெரிந்த பிறகு பழுப்புப் பூச்சுள்ள எந்த டயலையும் நான் சுரண்டுவதில்லை, ஊதுவதில்லை, உலர்ந்த துணியால் துடைப்பதில்லை. கையுறை போட்டு, தனியாக ஒரு தட்டில் வைத்து, வேலை முடிந்ததும் அப்படியே மூடிவிடுவேன். வீட்டில் தானே மீட்டரைப் பிரிக்க ஆசைப்படும் தம்பிமார்கள் இதை மட்டுமாவது மனதில் வைக்க வேண்டும்.

விளக்கிச் சொன்னதும் அவர் டயலை விட்டுவிட்டார். அடுத்தது ஓடிய மைல் எண். "அப்பா கணக்கு அப்பாவோடு போகட்டும்ண்ணா. நான் ஓட்டறதைப் பூஜ்யத்துல இருந்து எண்ணிக்கறேனே" என்றார். வண்டியை விற்க வருபவர்களும் புரோக்கர்களும் பூஜ்யம் கேட்டு வருவார்கள், அவர்களுக்கு என் பதில் ஒரே சொல்லில் முடிந்துவிடும். எண்ணைக் குறைத்துக் காட்டி விற்பது திருட்டு. இவர் கேட்டதில் ஏமாற்று எதுவும் இல்லை, வண்டியை விற்கும் எண்ணமும் இல்லை. இருந்தும் எனக்கு மனம் ஒப்பவில்லை. அந்த எண் வண்டியுடையது, நாளைக்கு இவரிடமிருந்து வாங்குகிறவருக்கும் அது தெரிய வேண்டும். சக்கரங்களைக் கழற்றும் முன் போட்டோ எடுத்துவைத்திருந்தேன், கழுவிவிட்டு அதே எண்ணில் பூட்டினேன். அந்த எண்ணையும் தேதியையும் பில்லில் எழுதி, ஆர்.சி. புக் கூடவே வைத்துக்கொள்ளச் சொன்னேன். மீட்டர் காட்டும் எண்ணிலிருந்து அதைக் கழித்தால் இனி அவர் ஓட்டிய கணக்கு தெரிந்துவிடும். அவருக்கு அது பிடித்துத்தான் போனது.

பூட்டியபின் கணக்கு சரிபார்ப்பு. ஒரு மைலுக்கு கேபிள் எத்தனை சுற்று வர வேண்டும் என்று ஒவ்வொரு மீட்டருக்கும் ஒரு எண் உண்டு. பல காந்த மீட்டர்களில் டயலின் அடியிலேயே 1000, 1600 என்று சின்னதாக அச்சடித்திருக்கும். 1600 என்றால், நிமிடத்துக்கு 1600 சுற்று கொடுத்தால் மணிக்கு 60 மைல் காட்ட வேண்டும், 800 கொடுத்தால் 30. வேகம் மாற்றும் டிரில்லில் மாட்டி, திசையைச் சரிபார்த்துவிட்டு, சுற்றெண்ணியை வைத்துப் பார்த்துவிடலாம். குரோனோமெட்ரிக்கில் முள் கூட்டிக் காட்டினால் பேலன்ஸ் மெதுவாக ஆடுகிறது, எண்ணும் நேரம் நீள்கிறது என்று அர்த்தம். குறைத்துக் காட்டினால் வேகமாக ஆடுகிறது. கடிகாரத்தைத் திருத்துவது போலவே அதையும் திருத்த வேண்டும்.

மீட்டர் மட்டும் சரியாக இருந்தால் போதாது, வண்டியும் அதற்குப் பொருந்த வேண்டும். புல்லட்டில் கேபிள் முன்சக்கர ஹப்பிலிருந்து வருகிறது. இத்தனை வருஷத்தில் ஹப்பின் டிரைவை யாராவது மாற்றியிருந்தால் மீட்டரின் கணக்கு வீண். அதைக் கண்டுபிடிக்க ஒரு எளிய வழி உண்டு. கேபிளை மீட்டரிலிருந்து கழற்றி, உள்வயரின் நுனியில் ஒரு காகிதக் கொடியை ஒட்டி, வண்டியை நேராக உருட்டி, சக்கரம் ஆறு சுற்று வரும்போது கொடி எத்தனை சுற்று வருகிறது என்று எண்ண வேண்டும். அந்த எண்ணை 1680-ஆல் பெருக்கி, அச்சிலிருந்து தரைவரை உள்ள உயரத்தை அங்குலத்தில் அளந்து வகுத்தால், ஒரு மைலுக்கான சுற்று கிடைத்துவிடும். 12 சுற்றும் பன்னிரண்டரை அங்குலமும் என்றால் 1613 வரும், 1600 மீட்டருக்கு அது நன்றாகவே பொருந்தும். அளக்கும்போது ஒருவர் வண்டிமேல் உட்கார்ந்திருக்க வேண்டும், டயர் அமுங்கும் உயரமும் கணக்கில் சேரும். இந்த வண்டியில் யாரும் ஹப்பில் கை வைத்திருக்கவில்லை.

கேபிளையும் மாற்றினோம். கீழ்ப்பகுதிக்கு மட்டும் லேசாகக் கிரீஸ், மீட்டர் பக்கத்து நுனியில் ஒரு சாண் வறண்டே இருக்கட்டும் என்று அவரிடம் சொல்லி, பில்லிலும் எழுதினேன். சிறுவாணி ரோட்டில் ஓட்டிப் பார்த்தோம். அவர் ஓட்ட, நான் பின்னால் உட்கார்ந்து போனில் ஜி.பி.எஸ். பார்த்தேன். மீட்டர் 30-ல் நின்றபோது போன் 47 கிலோமீட்டர் காட்டியது, கணக்குப்படி 48 இருக்க வேண்டும். 40-ல் 64-க்குப் பதில் 62. முன் டயர் தேய்ந்திருந்தது. தேய்ந்த டயர் ஒரு மைலுக்குக் கூடுதல் சுற்று போடும், அதனால் மீட்டர் கொஞ்சம் கூட்டித்தான் காட்டும். பேலன்ஸில் மேற்கொண்டு கை வைக்கவில்லை. டயர் மாற்றியதும் இன்னொரு தடவை ஓட்டிப் பார்த்துவிட்டு, அப்போதும் வித்தியாசம் இருந்தால் கொண்டுவரச் சொல்லி அனுப்பினேன்.