சர்வர் மாறியது, பஞ்சு இருப்பு மட்டும் மாறவில்லை

எங்கள் நூற்பாலையில் சர்வரை மாற்றியபோது, சர்வர் ஃபோல்டரைக் குறிக்கும் பழைய டிரைவ் எழுத்தே (Z: போன்றது) தொடரும், கணக்குப் பிரிவுக்கு எந்தத் தொந்தரவும் வராது என்று கணினிப் பிரிவினர் உறுதியளித்தார்கள். ஃபைல்கள் பத்திரமாகவே வந்து சேர்ந்தன. ஃபைல்களுக்கு இடையே போட்டிருந்த லிங்க்குகளை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை.

ஒவ்வொரு யூனிட்டும் தன் இருப்பைத் தனி எக்செல் ஃபைலில் எழுதிவைக்க, அவற்றிலிருந்து லிங்க் வழியே தொகைகளை எடுத்துத்தான் வங்கிக்கான மாதாந்திர ஸ்டாக் ஸ்டேட்மென்ட் தயாராகும். அதைச் சரிபார்க்கும்போது ஒரு யூனிட்டின் பஞ்சு இருப்பு, முந்தைய மாதத் தொகையோடு பைசா பிசகாமல் ஒத்திருந்தது. லிங்க் அறுந்ததைக் காட்டும் ரெஃப் பிழை (#REF!) செல்லில் வந்திருந்தால் யார் கண்ணிலாவது பட்டிருக்கும். ஆனால் மூல ஃபைல் கிடைக்காதபோது எக்செல் பெரும்பாலும் கடைசியாகப் படித்த எண்ணையே வைத்துக்கொண்டு, சில லிங்க்குகளைப் புதுப்பிக்க முடியவில்லை என்று ஒரு பெட்டியைக் காட்டுவதோடு நிறுத்திக்கொள்கிறது. அந்தப் பெட்டியில் ‘கன்டினியூ’ அழுத்துவது எங்கள் பிரிவில் அனைவருக்கும் கைப்பழக்கம்.

கணினிப் பிரிவில் முறையிட்டதற்கு, “ஃபைல் திறக்குதுல்ல சார், அப்புறம் என்ன?” என்று கேட்டுவிட்டுப் புகாரையும் முடித்துவைத்தார்கள். காரணத்தை நாங்களே தேடிக் கண்டுபிடித்தோம். மூல ஃபைலை டிரைவ் எழுத்து வழியே திறந்துவைத்துப் போட்ட லிங்க்கில் அந்த எழுத்தும், சர்வர் பெயர் வழியே திறந்துவைத்துப் போட்டதில் சர்வர் பெயரும் பதிந்துவிடுகின்றன. முதல் வகை தப்பித்தது. இரண்டாம் வகை, கழற்றி வைத்துவிட்ட சர்வரை இன்னும் தேடிக்கொண்டிருந்தது.

‘எடிட் லிங்க்ஸ்’ பெட்டியில் ‘சேஞ்ச் சோர்ஸ்’ கொடுத்தால், அந்த மூல ஃபைலுக்குப் போகும் லிங்க்குகள் எல்லாம் சேர்ந்தே மாறிவிடும். லிங்க்கில் உள்ள ஃபைல் பாதையை ‘ரீப்ளேஸ்’ மூலம் மாற்றப் பார்க்காதீர்கள்: ஓர் எழுத்து தவறினாலும் ஒவ்வொரு செல்லுக்கும் ஃபைலைக் காட்டச் சொல்லிப் பெட்டி திறந்துகொண்டே இருக்கும், எஸ்கேப் விசையிலிருந்து விரலை எடுக்க முடியாது. ‘பிரேக் லிங்க்’ பக்கமே போக வேண்டாம். அது சூத்திரத்தை அழித்து எண்ணை மட்டும் விட்டுவைக்கும், அதற்கு அன்டூவும் கிடையாது. அவசரத்தில் அதை அழுத்திவிட்ட யூனிட் ஒன்றின் ஃபைலை பேக்கப்பிலிருந்து மீட்டுத் தரச் சொல்லி, புகாரை முடித்துவைத்த அதே ஆட்களிடம் போய் நிற்க வேண்டியதாயிற்று.

நிபந்தனைக்கு உட்பட்ட தொகைகளை மட்டும் கூட்டும் ‘சம்இஃப்’ சூத்திரம் போட்ட செல்களில் தெரிந்த வேல்யூ பிழைக்கும் (#VALUE!) சர்வருக்கும் தொடர்பே இல்லை என்பது பிறகுதான் விளங்கியது. மூல ஃபைல் மூடியிருந்தால் அந்தச் சூத்திரம் கணக்கிடாது; ‘சம்ப்ராடக்ட்’ கணக்கிடும்.

எல்லாம் முடிந்த பின்னும் ஒரு ஃபைல் மட்டும், சூத்திரங்களில் லிங்க் எதுவும் இல்லாமலேயே, திறக்கும்போதெல்லாம் எச்சரித்தது. லிங்க்கில் மூல ஃபைலின் பெயரைச் சுற்றி வரும் சதுர அடைப்புக்குறியைக் கன்ட்ரோல் எஃப் கொடுத்துத் தேடியும் எதுவும் அகப்படவில்லை. அந்தத் தேடல் செல்களைத்தான் பார்க்கும். டேட்டா வேலிடேஷன் (செல்லில் எதை உள்ளிடலாம் என்ற விதி), கண்டிஷனல் ஃபார்மேட்டிங் (நிபந்தனைப்படி மாறும் வடிவமைப்பு), நேம் மேனேஜர் (செல்களுக்குச் சூட்டிய பெயர்களின் பட்டியல்) ஆகியவற்றை எட்டாது. நேம் மேனேஜரிலும் எதுவும் தெரியாததால், அந்தப் பட்டியலில் மறைந்திருக்கும் பெயர்களை வெளிக்காட்டும் சிறு மேக்ரோ (எக்செல்லுக்குள் ஓடும் நிரல்) ஒன்றை ஓட்டினோம். யாரோ எப்போதோ வேறொரு ஃபைலிலிருந்து ஷீட்டோடு நகலெடுத்து வந்த பெயர் ஒன்று பழைய சர்வர் முகவரியோடு அகப்பட்டது. அதை நீக்கிய பிறகு எச்சரிக்கை வரவில்லை. திருத்திய அறிக்கையும் கெடுவுக்குள் வங்கிக்குப் போய்விட்டது.