ரனியேரியின் பழைய கணக்கு

14 ஜூலை 2015, செவ்வாய்

இங்கிலாந்துக் கால்பந்து கிளப் லெஸ்டர் சிட்டிக்குப் புது மேனேஜர், இத்தாலிக்காரர் கிளாடியோ ரனியேரி. நேற்று அறிவித்துவிட்டார்கள். காலையில் தம்பி போன் செய்து, "அண்ணா, ஃபரோ தீவுகள்கிட்ட தோத்த ஆளையா பிடிச்சாங்க?" என்றான். லெஸ்டரிலேயே பிறந்த முன்னாள் வீரர் கேரி லினேக்கரும் ட்விட்டரில் நம்பமுடியாமல்தான் கேட்டிருக்கிறார். கேள்வி நியாயம்தான். கிரீஸ் அணியை அவர் நடத்தியது நான்கே போட்டிகள், கிடைத்தது ஒரே புள்ளி. போன நவம்பரில் சொந்த மண்ணிலேயே, குட்டி நாடான ஃபரோ தீவுகளிடம் 0-1. அதோடு அனுப்பிவிட்டார்கள்.

ஆனால் கால் நூற்றாண்டுக்கு மேல் இந்த வேலையில் இருப்பவரை நான்கு போட்டிகளை வைத்து எடைபோட எனக்கு மனம் வரவில்லை.

15 ஜூலை, புதன்

நோட்டில் நடுவில் ஒரு கோடு போட்டேன். இந்தப் பக்கம் அவர் வந்தபோது கிளப் இருந்த நிலை, அந்தப் பக்கம் போனபோது இருந்த நிலை. முதல் டிவிஷன் பட்டம் ஒன்றுகூட இல்லை என்பது உண்மை. அதற்காக இத்தாலியின் காலியாரி கிளப்பை மறக்க முடியுமா? மூன்றாம் டிவிஷனில் கிடந்த அணியை இரண்டே வருடத்தில் அந்நாட்டு முதல் டிவிஷனான சீரி ஏ-வுக்குக் கொண்டுவந்தார். பிரெஞ்சு லீகில் ஆடும் மொனாக்கோ இரண்டாம் டிவிஷனில் இருந்தது. 2013-ல் மேலே ஏற்றினார், அடுத்த வருடமே 80 புள்ளிகளோடு பிரான்சில் இரண்டாம் இடம்.

ஸ்பெயினின் வாலன்சியாவில் இரண்டாவது முறையும் இத்தாலியின் இன்டரிலும் சீசன் முடியும் முன்பே வெளியேற்றினார்கள். அதையும் எழுதிவைத்தேன்.

18 ஜூலை, சனி

லண்டன் கிளப் செல்சியில் இருந்தபோது அவருக்கு 'டிங்கர்மேன்' என்று பெயர், அணியை மாற்றிக்கொண்டே இருப்பவர் என்று. 2004-ல் ஐரோப்பிய கிளப்புகளின் சாம்பியன்ஸ் லீக் அரையிறுதியில் மொனாக்கோவோடு 1-1. மொனாக்கோ வீரர் ஒருவருக்குச் சிவப்பு அட்டை. பத்துப் பேர்தானே என்று ஆட்களை மாற்றி மாற்றி இறக்கினார், 1-3 தோல்வி.

அப்புறம் 2010 ஏப்ரல், ரோம் டெர்பி, ஒரே ஊரின் ரோமாவும் லாசியோவும் மோதும் போட்டி. அப்போது அவர் ரோமாவின் மேனேஜர். லாசியோ 1-0 முன்னிலை. இடைவேளையில் தன் நட்சத்திர வீரர்கள் டோட்டியையும் டி ரோஸ்ஸியையும் வெளியே எடுத்தார். இருவரும் ரோமின் சொந்தப் பிள்ளைகள்! அந்த ஊரில் அதைச் செய்ய எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்? வூச்சினிச் இரண்டு கோல், ரோமா 2-1. அந்த சீசனின் முதல் இரண்டு போட்டியும் தோற்ற அணியைக் கையில் வாங்கியவர், கடைசியில் சாம்பியன் இன்டருக்கு இரண்டே புள்ளி பின்னால் கொண்டுபோய் நிறுத்தினார்.

ஒரே குணம்தான். ஒரு நாள் கெடுத்தது, ஒரு நாள் காப்பாற்றியது. முடிவை மட்டும் பார்த்தால் இது தெரியாது.

8 ஆகஸ்ட், சனி

சீசனின் முதல் போட்டியில் லெஸ்டர் சண்டர்லாந்தை 4-2 வென்றாயிற்று. 25 நிமிடத்துக்குள் மூன்று கோல், அதில் மாரெஸுக்கு இரண்டு. பழைய மேனேஜர் பியர்சனின் உதவியாளர்கள் ஷேக்ஸ்பியர், வால்ஷ் இருவரையும் ரனியேரி அப்படியே வைத்துக்கொண்டார். கடந்த சீசனில் கடைசி ஒன்பது போட்டிகளில் ஏழு வென்ற அணி, அதைக் கலைக்கவில்லை. டிங்கர்மேன் என்று சொன்னவர்கள் இதைப் பார்க்க வேண்டும்.

நோட்டில் லெஸ்டர் என்று புது வரி. வந்தபோது: 14-வது இடம், 41 புள்ளிகள்.