கோலமாவில் ஒரு வீடு

மே 4, 2025, ஞாயிறு

அக்னி நட்சத்திரம் தொடங்கிய அன்றே வீட்டு வரைபடமும் வந்து சேர்ந்தது. தென்காசிக்கு வெளியே ஐந்து சென்ட், 33-க்கு 66 அடி, கிழக்குப் பார்த்த மனை. 2500 சதுர அடிக்குள் உள்ள மனையில் 3500 சதுர அடி வரை வீடு கட்ட, 2024 ஜூலை முதல் சுயசான்று முறையில் உடனே அனுமதி கிடைக்கிறது. "இன்றே பதிந்துவிடலாம், டீச்சர்" என்று அவசரப்படுத்துகிறார் பொறியாளர். அனுமதிக்கு அவசரம் சரி, குடியிருக்கப்போவது நாங்கள் அல்லவா? ஒரு மாதம் அவகாசம் கேட்டிருக்கிறேன்.

இப்போதிருக்கும் வாடகை வீட்டை டேப் பிடித்து அளந்தேன். அடுப்பு மேடை 34 அங்குலம். அத்தை நான்கடி பத்தங்குலம். மணையைப் போட்டு, அதன்மேல் ஏறி நின்றுதான் உளுந்தங்களி கிண்டுகிறார். ஆறு வருடமாக அதே அடுக்களையில் நானும் புழங்குகிறேன்; இன்றுதான் கண்ணில் பட்டது.

மே 11, ஞாயிறு

மனையில் கோலமாவால் வீட்டை வரைந்தோம். மேஸ்திரி முதலில் சிரித்தார். நான் இழுத்த கோணல் கோட்டைப் பொறுக்கமாட்டாமல் அவரே நூல் கட்டினார்: மூன்றடி, நான்கடி, குறுக்கே ஐந்தடி வந்தால் மூலை சரி.

தாளில் பத்துக்குப் பத்து படுக்கையறை தாராளமாகத்தான் தெரிந்தது. "இந்தப் பத்து சுவருக்கு உள்ளேயா, சுவரின் மையத்திலிருந்தா?" என்று கேட்டேன். மையத்திலிருந்துதானாம். ஒன்பதங்குலச் சுவர் போக மிச்சம் ஒன்பதே கால் அடி. கட்டிலுக்கு ஆறே கால், பீரோவுக்கு ஒன்றரை. நடுவில் இருக்கும் ஒன்றரை அடியில் பீரோ கதவைத் திறந்தால் ஆள் நிற்க இடமில்லை. என் கணவர் கட்டில் போட்ட கோட்டுக்குள் போய் நின்றுகொண்டு, "இங்கிருந்தே சட்டையை எடுத்துக்கொள்கிறேன்" என்கிறார். வீடு கட்டும்போது கணவர்களுக்கு நகைச்சுவை கூடிவிடுகிறது.

மே 18, ஞாயிறு

மாடிப்படி. தளத்துக்குத் தளம் பத்தடி, அதாவது 120 அங்குலம். பொறியாளர் ஏழரை அங்குல உயரத்தில் பதினாறு படி போட்டிருக்கிறார். ஆறங்குலமாக்கினால் இருபது படி. மிதிபலகை பத்தங்குலம் வைத்தால் நேர்ப்படிக்குப் பதினாறடி நீளம் வேண்டும். கூடம் பாதி போய்விடும். முழங்கால் வலிக்காரருக்கு இருபது படியும் அதிகம்தான். அத்தைக்குக் கீழேயே அறை, அதை ஒட்டிக் குளியலறை என்று முடிவு செய்தோம். படிக்கட்டைப் பற்றி இனி எழுதமாட்டேன், அலுத்துவிட்டது.

ஜூன் 1, ஞாயிறு

கேரளத்தில் மே 24-லேயே பருவமழை தொடங்கிவிட்டதால் சாரல் முந்திக்கொண்டது. செங்கோட்டைக் கணவாய் வழியே வரும் மேல்காற்று மனையில் நின்றால் சேலையைப் பறிக்கிறது. எங்கள் வரைபடத்திலோ மேற்குச் சுவர் முழுக்க அடைப்பு! மாலை வெயில் தாக்கும் என்பது பொறியாளர் வாதம். வெயில் நிஜம். ஆனால் இந்த ஊரில் காற்றும் அந்தப் பக்கத்திலிருந்துதானே வருகிறது?

இலஞ்சியில் சித்தி வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். திண்ணையிலிருந்து புறக்கடை வரை வாசல்கள் ஒரே நேர்கோட்டில் இருக்கின்றன. மேற்கே ஆறடித் தாழ்வாரம். ஊதுபத்தியைப் பின்வாசலில் கொளுத்தினேன். புகை கூடத்தைக் கடந்து தெருவுக்கே போய்விட்டது. கிழக்கு வாசலைச் சாத்தியதும் கூடத்திலேயே சுருண்டு நின்றது. காற்று வர வழி விட்டால் போதாது, போகவும் வழி வேண்டும்.

தாழ இறங்கும் வெயிலுக்கு ஒன்றரை அடி சன்ஷேடு பயன்படாது. எங்களுக்கும் பின்பக்கம் தாழ்வாரம்தான், அதையடுத்து ஒரு வேம்பு. வாஸ்துக்காரர் சொன்ன அக்னி மூலை, அதாவது தென்கிழக்குச் சமையலறை மட்டும் அப்படியே இருக்கட்டும். மேல்காற்றுக்கு அது கடைசியில் இருப்பதால் தாளிக்கும் நெடி வீட்டுக்குள் வராது. வாஸ்துவுக்காக ஒப்புக்கொண்டேன் என்று அவர் நினைத்துக்கொள்ளட்டும்.

ஜூன் 8, ஞாயிறு

மூன்றாவது வரைபடம் வந்தது. ஓர் அறை குறைந்திருக்கிறது, தாழ்வாரம் வந்திருக்கிறது. மனையில் போட்ட கோடுகளைச் சாரல் கரைத்துவிட்டது. மிச்சத்தை எறும்பு பார்த்துக்கொண்டது.

அடுப்பு மேடையில் அத்தைக்காக ஒரு பகுதி 30 அங்குலம். "இனி மணை தேவையில்லை, அத்தை" என்றேன். "ஏறி நிற்கத்தானே தேவையில்லை? உட்கார்ந்து கீரை ஆய வேண்டாமா?" என்று அதை எடுத்துத் துடைத்துச் சுவரோரம் சாய்த்து வைத்தார்.