எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லையாம்

தம்பி மகனுக்கு முட்டி வீங்கி, காய்ச்சலும் வந்தது. விளையாடும்போது விழுந்திருப்பான் என்று நாங்களே முடிவு கட்டிவிட்டோம். எக்ஸ்ரேயும் சுத்தமாக இருந்தது. அங்கேதான் ஏமாந்தோம். எலும்பில் கிருமி புகுந்தால் எக்ஸ்ரேயில் தெரிய 10 முதல் 14 நாள்கூட ஆகலாம்; எம்ஆர்ஐ முன்னதாகவே காட்டிவிடும்.

அடுத்துப் பார்த்த டாக்டர் காலை லேசாக மடக்கியதுமே அலறினான். உடனே ஊசி போட்டு மூட்டு நீரை எடுத்தார். தெளிவாக, வெளிர் மஞ்சளாக இருக்க வேண்டியது கலங்கிச் சீழாக வந்தது. ஆன்டிபயாடிக் ஏற்றும் முன்பே அதையும் ரத்தத்தையும் கல்ச்சருக்கு, அதாவது கிருமியை வளர்த்து என்னவென்று பார்க்கும் சோதனைக்கு, அனுப்பினார். மருந்து உள்ளே போய்விட்டால் கிருமி சோதனையில் வளராமல் ஏமாற்றிவிடுமாம்.

கல்ச்சரில் வந்த பெயர் ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ். பலருடைய மூக்கிலும் தோலிலும் சும்மா குடியிருக்கும் கிருமிதான், ரத்தம் வழியாக முட்டிக்குப் போயிருக்கிறது!

அன்றிரவே மூட்டைக் கழுவினார்கள். சீழ் நின்றால் குருத்தெலும்பு சில நாட்களிலேயே அரித்துப்போகும், மருந்து மட்டும் போதாது. ஆன்டிபயாடிக் முதலில் நரம்பு வழியாக, அப்புறம் மாத்திரை. காய்ச்சல் விட்டதும் நிறுத்திவிடலாமா என்று நான்தான் கேட்டேன். டாக்டர் பார்த்த பார்வை இருக்கிறதே! ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் சிஆர்பி அளவு இறங்க வேண்டும், மருந்துக்குச் சொன்ன வாரக்கணக்கும் முடிய வேண்டும்.

நேற்று முட்டியை முழுசாக மடக்கிக் காட்டினான்.