கோட் து ரோன்: மூன்று பாட்டிலும் சில சமையலும்

பிரான்ஸின் லியோனுக்குக் குடிவந்த பிறகு, தெற்கே ரோன் ஆற்றுப் பள்ளத்தாக்கில் விளையும் சிவப்பு ஒயினை எந்தச் சாப்பாட்டோடு குடித்தால் நன்றாக இருக்கும் என்று ஒவ்வொன்றாகச் சமைத்துப் பார்க்கத் தொடங்கினேன். எடுத்துக்கொண்டது சாதாரண கோட் து ரோன். பாட்டிலின் பின்பக்க லேபிளில் கிரனாஷ் 60, சிரா 30, மூர்வெத்ர் 10 என்று சதவீதம் போட்டிருந்தது, ஆல்கஹால் 14.

இந்தச் சேர்மானத்தில் மூன்று திராட்சைக்கும் தனித்தனி வேலை. கிரனாஷ் வெயிலில் நன்கு பழுத்து ஸ்ட்ராபெரி போன்ற பழ வாசனையையும் ஆல்கஹாலையும் தருகிறது, ஆனால் அதற்கு நிறம் குறைவு. நிறத்தையும் மிளகு வாசனையையும் கொண்டுவருவது சிரா. தாமதமாகப் பழுக்கும் மூர்வெத்ர் துவர்ப்பைக் கொடுத்துக் கட்டி நிறுத்துகிறது.

முதல் பாட்டிலை மத்தி மீனோடு திறந்தேன். மீனை ஆலிவ் எண்ணெய் தடவிச் சுட்டிருந்தேன், தனியாகச் சாப்பிட அருமை. ஒரு வாய் ஒயின் உள்ளே போனதும் நாக்கில் இரும்புச் சாவியை வைத்தது போல ஒரு சுவை. சிவப்பு ஒயினில் இருக்கும் இரும்பு மீன் எண்ணெயோடு சேரும்போது இப்படி ஆகிறது. மீதி மீனை ஒயின் இல்லாமலே சாப்பிட்டேன்.

அப்புறம் மெர்கேஸ். மிளகாய் சேர்த்த வட ஆப்பிரிக்கத் தொத்திறைச்சி இது, இங்கே எல்லாக் கறிக்கடையிலும் கிடைக்கும். அதிலும் எரிச்சல்தான் மிஞ்சியது. மிளகாயின் எரிவை ஆல்கஹால் இன்னும் ஏற்றிவிடுகிறது. ஆனால் அடுத்த வாரம் மிளகை ஒன்றிரண்டாக இடித்து அப்பி, வெண்ணெயில் மாட்டிறைச்சி வறுத்தபோது கதையே வேறு. ஒயினின் வாசனையும் தட்டின் வாசனையும் ஒன்றாகக் கலந்துவிட்டன. காரணம் இருக்கிறது: சிராவின் மிளகு வாசனைக்குக் காரணமான ரொட்டண்டோன் என்ற பொருளை 2008இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். மிளகிலும் இருப்பது அதேதான். நாம் மிளகையும் மிளகாயையும் காரம் என்றே சொல்கிறோம். இந்த ஒயினுக்கு மிளகுக் காரம் உறவு, மிளகாய்க் காரம் ஆகாது.

இடையில் ஒரு பாடம். ஜூலை மாதம், சமையலறை 27 டிகிரி. அந்தச் சூட்டில் ஊற்றிய கோப்பையில் ஆல்கஹால் நெடிதான் முதலில் மூக்கில் ஏறியது. பாட்டிலைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து எடுத்தேன். 16, 17 டிகிரிக்கு வந்ததும் பழ வாசனை திரும்பிவிட்டது. இதைச் செய்யாமல் எந்தச் சாப்பாட்டோடும் ஒப்பிட்டுப் பயனில்லை என்றே நினைக்கிறேன்.

மூன்றாவது பாட்டிலில்தான் மனம் நிறைந்தது. ப்ரொவான்ஸ் பக்கத்து டோப் என்ற மாட்டுக்கறிக் குழம்பு செய்தேன். மாட்டின் தாடைக்கறியை ஒயின், வெங்காயம், கேரட், தைம், பிரிஞ்சி இலை, ஆரஞ்சுத் தோல் ஒரு கீற்று இவற்றோடு ஓர் இரவு ஊறவைத்து, மறுநாள் நான்கு மணி நேரம் சிறுதீயில். கடைசியில் கறுப்பு ஆலிவ். கறி கரண்டி பட்டாலே பிரிந்தது, சாறு பளபளவென்று கரண்டியில் ஒட்டியது. கறியின் புரதமும் கொழுப்பும் துவர்ப்பை இழுத்துக்கொள்ள, அதுவரை ஈறைப் பிடித்த அதே ஒயின் வழுக்கிக்கொண்டு இறங்கியது. அடுத்த நாள் சூடு பண்ணிச் சாப்பிட்டபோது இன்னும் பொருத்தம்.

கத்தரிக்காய், தக்காளி போட்ட ரட்டட்டூயியும் ஒத்துப்போனது. பிக்கோடோன் ஆட்டுப்பால் சீஸ் சுமார்தான். அதற்கு வெள்ளை ஒயின் எடுப்பேன்.

இப்போது, இதே திராட்சைகள் சேரும் ஜிகொந்தாஸ் என்ற ரோன் ஒயின் ஒரு பாட்டில் வாங்கி வைத்திருக்கிறேன். குளிர் வந்ததும், ஆட்டுத் தொடையில் பூண்டைச் செருகி ஓவனில் வைக்கும் அன்று திறக்க வேண்டும்.