சாவு வீட்டு ஆட்டமும் ஷோஸ்டகோவிச்சும்

பியானோ, வயலின், செல்லோ மூன்றும் சேர்ந்த ட்ரியோ என்றால் பெரும்பாலும் வயலின் மேல் சுரங்களில் பாடும், அதைவிடப் பெரிய செல்லோ கீழ்ச் சுரங்களில் தாங்கும். சோவியத் இசையமைப்பாளர் ஷோஸ்டகோவிச் 1944-இல் எழுதி முடித்த இரண்டாவது ட்ரியோ இதைத் தலைகீழாகப் புரட்டிப் போட்டுத்தான் ஆரம்பிக்கிறது. செல்லோக்காரர் தந்தியை அழுத்தாமல் லேசாகத் தொட்டபடி வில்லை இழுக்க, உடம்பே இல்லாத ஒரு சத்தம் உச்சத்தில் கேட்கும். அப்புறம் அதே மெட்டோடு வயலின் அதற்குக் கீழே நுழையும், பியானோ எல்லாவற்றுக்கும் அடியில். ஹெட்போனில், அதுவும் ராத்திரியில் கேளுங்கள். எங்கள் ராயபுரம் பக்கம் துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லாரி ஒன்று கடந்தால் போதும், ஆரம்பம் மொத்தமும் காலி.

அந்த வருஷம் பிப்ரவரியில்தான் அவருடைய உயிர் நண்பர் இவான் சொல்லெர்த்தின்ஸ்கி திடீரென்று இறந்துபோனார், வயது 41. ட்ரியோ அவர் நினைவுக்கு. துள்ளித் திமிறி ஓடும் இரண்டாவது பகுதி அச்சு அசல் அவரேதான் என்று அவருடைய சகோதரியே சொன்னாராம்.

மூன்றாவதில் பியானோ எட்டு கார்டுகளை, அதாவது பல சுரங்கள் ஒன்றாக ஒலிக்கும் எட்டுக் கொத்துகளை, ஒவ்வொன்றாக அடித்து நிறுத்துகிறது. அந்த எட்டேதான் ஆறு தடவை வரும், அதன்மேல் வயலினும் செல்லோவும் மாறி மாறி அழும். பியானோக்காரருக்குப் பெரிதாக வேலையில்லை என்று தோன்றும், ஆனால் இந்தப் பகுதியைக் கெடுப்பதும் காப்பாற்றுவதும் அவர்தான். கொஞ்சம் அவசரப்பட்டாலும் கனம் போய்விடும்.

இடைவெளியே விடாமல் கடைசிப் பகுதி, யூத மெட்டுச் சாயலில் ஓர் ஆட்டம், வயலின் வில்லை ஒதுக்கிவிட்டு விரலால் மீட்டித் தொடங்கும். இவ்வளவு அழுதுவிட்டு எதற்கு ஆட்டம், யாரைக் கிண்டல் பண்ணுகிறார் என்று சிலர் குழம்புவார்கள். வடசென்னையில் வளர்ந்தவனுக்கு இந்தக் கேள்வியே வராது. ராத்திரி முழுக்க பந்தலில் கானா, மறுநாள் சட்டி மேளத்துக்கு முன்னால் செத்தவரின் கூட்டாளி மாலையைப் பிய்த்து எறிந்துகொண்டே, கண்ணில் தண்ணி வழிய, சட்டை தொப்பலாக நனைய ஆடுவார். சந்தோஷத்தில் ஆடுகிறார் என்று தெருவில் ஒருத்தரும் நினைப்பதில்லை.

ஆனால் நம்மூர் ஆட்டம் சுடுகாட்டோடு ஓய்ந்துவிடும். இதில் ஓயாது. சோவியத் செம்படை முன்னேற முன்னேற, நாஜிகள் யூதர்களுக்குச் செய்த கொடுமைகள் வெளியே தெரியவந்த காலம் அது. நண்பருக்காகத் தொடங்கிய துக்கம் அவரோடு நிற்காமல் பெரிதாகிக்கொண்டே போய், தந்திகள் அலறும் அளவுக்கு முறுக்கேறி, முதல் பகுதியின் மெட்டும் அந்த எட்டு கார்டுகளும் மறுபடி வந்து சேரும்வரை விடுவதில்லை. ஷோஸ்டகோவிச்சுக்கே அது விடவில்லை போல, நான்கு தந்தி வாத்தியங்களுக்காக 1960-இல் எழுதிய எட்டாவது குவார்ட்டெட்டிலும் அந்த யூத மெட்டைக் கொண்டுவந்தார்.

டேவிட் ஆய்ஸ்ட்ராக் வயலின், மிலோஷ் சாத்லோ செல்லோ, பியானோவில் ஷோஸ்டகோவிச்சே வாசித்த பழைய ஒலிப்பதிவு இருக்கிறது. சத்தம் கொஞ்சம் கரகரக்கும், பரவாயில்லை, அதிலிருந்தே தொடங்குங்கள்.