சீசர் செத்த பிறகுதான் நாடகமே

பெங்களூரு அல்சூர் பழைய புத்தகக் கடையில் இன்று பத்தாம் வகுப்பு கைடு ஒன்று, ஷேக்ஸ்பியரின் 'ஜூலியஸ் சீசர்' நாடகத்துக்கு. நாடகத்தைவிட தடிமன்! சீசரின் நண்பன் ஆன்டனியின் பேச்சு முழுக்க மஞ்சள் மார்க்கர், ஓரத்தில் "5 மார்க்".

இவ்வளவு புகழுக்கு நாடகம் தகுமா? பாதிக்குத் தகும்.

மூன்றாம் அங்கம், இரண்டாம் காட்சி. சீசரைக் கொன்றவர்களில் ஒருவனான புரூட்டஸ், ஏன் கொன்றோம் என்று கூட்டத்துக்கு உரைநடையில் காரணம் சொல்லிவிட்டுப் போகிறான். ஆன்டனி செய்யுளில் வந்து கூட்டத்தையே புரட்டிப் போடுகிறான். "புரூட்டஸ் மரியாதைக்குரியவன்" நான்கு தடவை வரும். ஒரே குரலில் படித்தால் போச்சு. முதல் தடவை பணிவு, நான்காவதில் விஷம். பிறகு நெஞ்சடைத்த மாதிரி பேச்சை நிறுத்துவான். அந்த இடைவெளியில்தான் ஜனம் மனம் மாறுகிறது.

அடுத்த காட்சியில், கொலைகாரர்களில் ஒருவனோடு பெயர் ஒத்துப்போன பாவத்துக்கு சின்னா என்ற கவிஞன் மேல் பாய்கிறது கும்பல். சின்னஞ்சிறு காட்சி, பரீட்சைக்காரர்கள் தாண்டிப் போவது.

நான்காம் அங்கத்தில் புரூட்டஸும் கூட்டாளி காஸியஸும் போடும் கூடாரச் சண்டை அருமை. ஐந்தாம் அங்கப் போர்க்களம் இழுவை, ஷேக்ஸ்பியரே ஆனாலும்.

வகுப்பில் எடுப்பவர்களுக்கு: ஆன்டனியாக ஒரு பிள்ளை, மற்ற எல்லோரும் கூட்டம். கால் மணி நேரம் போதும். கூட்டம் குறுக்கே கத்தணும். கத்தாவிட்டால் ஆன்டனிக்கு எங்கே நிறுத்துவது என்றே தெரியாது.